உள்மடிப்பில் இரண்டு விரல்

மருந்துக்கடைக்காரருக்கு ஊரில் வழங்கும் பெயர் மாத்திரை. பகலெல்லாம் மாத்திரை விற்பவர், யாராவது கவிதை சொன்னால் எழுத்துக்கு இத்தனை மாத்திரை என்று விரல் மடக்கி எண்ணவும் ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்த்துப் பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பிதான். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. கொசு, ஓட்டை வாய் என்றெல்லாம் பட்டப்பெயர் சுமக்கிறவர்கள் இருக்கிற ஊரில், தன் பெயர் எவ்வளவோ தேவலை என்று இருந்துவிட்டார்.

அவர் தமிழ் படித்து வாத்தியாராகியிருக்க வேண்டியவர். கல்லூரியில் இடம் கிடைத்த மாதமே அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. கடையை யாராவது பார்க்க வேண்டும். தம்பி அப்போது டவுசர் போட்டுக்கொண்டு திரிந்தான். ஆக, தமிழுக்குப் போக வேண்டியவர் மருந்துக்குப் போனார். அதைப் பற்றி அவர் யாரிடமும் மூக்கால் அழுததில்லை. கவிதையைக் கையோடு கடைக்குக் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான். இருமல் மருந்து அட்டைப்பெட்டியின் உட்பக்கம் வெள்ளையாக இருக்கும். பிடித்த வரிகளை அதில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் குத்தி வைப்பார். தலைவலிக்கு வந்தவர்களுக்கு மருந்தோடு ஒரு வரியும் கிடைக்கும். அதைக் கேட்டுத் தலைவலி கூடிப்போனது என்று சொன்னவர்களும் உண்டு.

ஞாயிறு மத்தியானம் கடையின் பின்கட்டில் நாலைந்து பேர் கூடுவார்கள். குளுக்கோஸ் பெட்டிகள்தான் நாற்காலி. மாத்திரை இரண்டு கவிதைகளை எடுத்து வைப்பார். எப்போதும் இரண்டு. "ஒத்தையா வெச்சுப் பாத்தா எல்லாமே நல்ல கவிதைதான். பக்கத்துல இன்னொண்ணை வெச்சாத்தான் எது சாயம், எது நிறம்னு தெரியும்" என்பார். மழை, கடல், தீ, புயல் என்று இயற்கையின் ஆட்டத்தைப் பாடும் கவிதைகள் என்றால் அவருக்கு உயிர். அதற்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். மலையைப் பற்றிய கவிதை என்றால், அந்த மலை மனிதனைப் பார்க்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். பார்த்து முறைக்கிற மலை சின்ன மலை. நம்மைப் பார்க்கவே பார்க்காத மலைதான் பெரிய மலை. இதை அவர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டே டீயை ஆற்றுவார்கள்.

மனுஷன் தங்கம். ஆனால் தங்கத்திலும் செம்பு கலந்திருக்கும். ஊர் வாய்க்கு அவர் பயந்து சாவார். போன வருஷம் அந்த ஞாயிறு வட்டத்தின் ஆண்டுப் பரிசைத் தம்பிக்குக் கொடுத்தார். பஸ் ஓட்டுநர் ஒருவர் தானே பேசுவதுபோலத் தம்பி எழுதியிருந்த கவிதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஊர் சும்மா இருக்குமா? "சோறும் வீட்டிலேயே, குழம்பும் வீட்டிலேயே" என்று முடிதிருத்துகிறவர் கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தச் சிரிப்பு மாத்திரையின் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் சுவர் விவகாரம் வந்தது.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், விடாமல் பெய்த ஒரு வாரத்தின் முடிவில், மலைச்சரிவு பெயர்ந்து மேல் தெருவின் மேல் விழுந்தது. தெருவில் பாதி போயிற்று. தம்பியின் வீடு மறுபாதியில் இருந்ததால் அவனும் பெண்டாட்டியும் தப்பினார்கள். தப்பியவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் மாதக்கணக்கில் பாய் விரித்துக் கிடந்தார்கள். பிறகு நகர மன்றம் அங்கே பெரிய தடுப்புச் சுவர் ஒன்றைக் கட்டியது. கட்டி முடித்ததும் நகரத் தலைவருக்கு ஓர் ஆசை. சுவரின் நடுவில் ஒரு கருங்கல்லைப் பதித்து அதில் ஒரு கவிதை வெட்ட வேண்டும். ஊர்க்காரர்களே எழுதட்டும், போட்டி வைப்போம், மாத்திரை தேர்ந்தெடுக்கட்டும் என்றார்.

"இந்த நாட்டாமை நமக்கு வேண்டாங்க" என்றாள் மனைவி. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுவது அவள் வேலை, ஆளை எடைபோடுவது அவள் பழக்கம். "யாருக்குக் குடுத்தாலும் மீதிப் பேருக்கு நீங்க கெட்டவரு."

"பேரே இல்லாமத்தான் வருது. வெறும் நம்பர்தான். யாரு எழுதினதுன்னு எனக்கே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது, சரி. உங்க மண்டைக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இவ்வளவு பேர் செத்துப்போன இடத்துக்கு ஒரு சொல் தேர்ந்துகொடுப்பது என்பது அவர் வாழ்க்கையில் வந்த ஒரே பெரிய வேலை. அதை வேண்டாமென்று தள்ள மனசு வரவில்லை.

நகர மன்றத்திலிருந்து தாள்கள் வந்தன. மேலே எண் மட்டும். பெயர்கள் தனித்தனி உறையில் நகரத் தலைவரின் பீரோவுக்குள். கடையில் ஈயாடும் மத்தியான நேரத்தில் மாத்திரை உட்கார்ந்து படித்தார். பாதிக்கு மேல் அப்படியே ஒதுங்கின. கடைசியில் இரண்டு நின்றன.

ஏழாம் எண், கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது.

நேற்றுத்தான் அளவெடுத்தேன்.
தோள் ஒரு விரல் கூடியிருந்தது.
இன்னும் வளர்வான் என்று
உள்மடிப்பில் இரண்டு விரல் விட்டுத் தைத்தேன்.
மலை எங்களைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும்.
அதற்குக் கோபமும் இல்லை.
தூக்கத்தில் புரண்டு படுத்தது.
உள்மடிப்பைப் பிரிக்கவும் முடியவில்லை,
வெட்டவும் முடியவில்லை.
சட்டை இன்னும் மெஷினில் இருக்கிறது.

பன்னிரண்டாம் எண், கம்ப்யூட்டரில் அடித்து, தடித்த எழுத்தில் வந்திருந்தது.

மலையே! நீ சரிந்தாய், நாங்கள் சரியவில்லை!
மண்ணைக் கொட்டினாய், செங்கல் அறுத்தோம்!
பாறையை உருட்டினாய், படிக்கட்டு அமைத்தோம்!
இன்னொரு முறை வந்து பார்!
உன் உயரம் எங்கள் முழங்கால்!

ஏழாம் எண்ணைப் படித்து முடித்ததும் மாத்திரை தாளைக் கீழே வைத்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பத்து வருஷமாகத் தான் தேடிக்கொண்டிருந்த மலை இதுதான் என்று பட்டது. பன்னிரண்டில் மலை ஓர் எதிரி. எதிரி என்றால் நம்மைப் பார்த்திருக்கிறான், நம்மை ஒரு பொருட்டாக மதித்திருக்கிறான் என்று அர்த்தம். அது ஒருவகை ஆறுதல். ஏழில் அந்த ஆறுதல்கூட இல்லை. மலை புரண்டு படுத்தது. அதன் ஒரு புரளலுக்கும் ஒரு தாயின் இரண்டு விரல் துணிக்கும் நடுவில் எந்தக் கணக்கும் இல்லை. மலை எவ்வளவு பெரிது என்று சொல்ல மலையை அளக்க வேண்டியதில்லை, அந்த இரண்டு விரலை அளந்தால் போதும். இதெல்லாம் அவருக்கு ஒரே வாசிப்பில் தெரிந்துவிட்டது. அந்த ஒரு கால் மணி நேரம் அவர் உண்மையான நீதிபதியாக இருந்தார்.

அதோடு தாளை மூடி வைத்திருந்தால் பிழைத்திருப்பார். இரண்டாம் தடவை படித்தார். "மலை எங்களைப் பார்க்கவில்லை" என்ற இடத்தில் கண் நின்றது.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே! சரிவு நடந்து சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குத் தம்பியைப் பார்க்கப் போனபோது அவன் சொன்னான்: "மலைக்கு நம்மளத் தெரியவே தெரியாதுண்ணே. அது பாக்கவே இல்ல." சுரீரென்றது மாத்திரைக்கு. இது தம்பி எழுதியது! போன வருஷம் ஓட்டுநர் வேஷம், இந்த வருஷம் தையல்காரி வேஷம். எழுத்தைப் பார், குண்டு குண்டாக. அண்ணன் தன் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எவளையோ விட்டு எழுதி வாங்கியிருக்கிறான், திருட்டுப்பயல்!

அதன் பிறகு அவர் கவிதையைப் படிக்கவில்லை. முடிதிருத்துகிறவர் கடைச் சிரிப்பைத்தான் படித்தார். இதற்குக் கொடுத்து, உறையைப் பிரித்து, தம்பி பெயரை வாசித்தால் என்ன ஆகும்? சோறும் வீட்டிலேயே, குழம்பும் வீட்டிலேயே, இப்போது செத்தவர்கள் சுவரும் வீட்டிலேயே. வேண்டாம் சாமி! பென்சிலை எடுத்து ஏழாம் எண்ணின் ஓரத்தில் 'கண்ணீர் அதிகம்' என்று எழுதினார். கடைசி வரியின் கீழே கோடு போட்டு 'ஊக்கம் இல்லை' என்று எழுதினார். நேர்மையாக நடந்துகொண்டதாகவே நினைத்துக்கொண்டார்.

கூட்டம் நகர மன்ற மண்டபத்தில் நடந்தது. மேல் தெருக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தேர்ந்த கவிதை, அதற்குப் போட்டியாக நின்ற கவிதை, இரண்டையும் வாசித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழாம் எண்ணை வாசித்தபோது மண்டபம் நிசப்தமாக இருந்தது. அதைக் கேட்டாவது மனுஷன் சுதாரித்திருக்கலாம். விதி யாரை விட்டது?

"ரெண்டும் மலையைப் பத்தித்தான்" என்று ஆரம்பித்தார். "ஒண்ணுல மலை ஜெயிக்குது, இன்னொண்ணுல மனுஷன் ஜெயிக்கிறான். ஏழாம் நம்பர் வலியைச் சொல்லுது. பன்னெண்டாம் நம்பர் மருந்தைக் குடுக்குது. நான் மருந்துக்கடைக்காரன். எனக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க." கைதட்டல். கைதட்டல் ஒரு கெட்ட சாராயம். ஒரு மிடறு உள்ளே போனால் இன்னொன்று கேட்கும். மாத்திரை சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏழாம் நம்பர்க்காரங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்தச் சட்டையை முதல்ல மெஷின்லேருந்து எடுங்க. எடுத்தாத்தானே அடுத்த துணியைத் தைக்க முடியும்?"

மண்டபம் சிரித்தது. அது தம்பியை உத்தேசித்துச் சொன்ன கிண்டல். தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடிப் பார்த்தார். அவன் மட்டும் சிரிக்காமல் இருந்தான். சரிதான், சுருக்கென்று பட்டுவிட்டது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டார்.

நகரத் தலைவர் பன்னிரண்டாம் உறையைப் பிரித்துப் பெயரை வாசித்தார். தம்பியின் பெயர்.

பின்வரிசையில் யாரோ "குழம்பு ரெடி!" என்றார்கள். மண்டபம் இரண்டாம் முறை சிரித்தது. மாத்திரை ஒலிபெருக்கிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று நீங்கள் சொல்லலாம். பூதம் இன்னும் கிளம்பவில்லை. இது அதன் கொட்டாவி.

மூன்று நாள் அவர் வெளியே தலைகாட்டவில்லை. கவலையெல்லாம் தன் மானம் போனதைப் பற்றித்தான். ஏழாம் எண்ணை எழுதியது யார் என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை.

நாலாம் நாள் தையல்காரம்மா கடைக்கு வந்தாள். பள்ளிச் சீருடை தைப்பவள், இரண்டு வருஷமாக இரவல் மெஷினில். சரிவில் வீடு தப்பியும், வெளியே போயிருந்த ஒரே மகனைப் பறிகொடுத்தவள். டாக்டர் சீட்டோடு மாதா மாதம் தூக்க மாத்திரைக்கு வருவாள். அட்டையை வாங்கி, பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொள்வாள். "டாக்டரு என்ன எழுதியிருக்காருன்னு படிச்சுப் பாரும்மா" என்று ஆரம்பத்தில் மாத்திரை சொல்லியிருக்கிறார். "நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்பாள். பாதி போட வேண்டும் என்று அவர் சொன்னதால், துணி வெட்டுகிற கத்திரியால் மாத்திரையைச் சரிபாதியாக வெட்டிப் போடுகிறவள்.

அன்றைக்கு அட்டையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தப் பேப்பரைத் திருப்பித் தருவீங்களா? வேற நகல் எடுத்து வைக்கல."

"எந்தப் பேப்பரும்மா?"

"ஏழாம் நம்பரு."

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. மாத்திரைக்கு அப்போதுதான் விளங்கியது. அளவெடுத்தது, தோள், உள்மடிப்பு, மெஷின். ஒவ்வொரு வரியும் இவள்தான் இவள்தான் என்று விரல் நீட்டிக் காட்டியிருக்கிறது. கண்ணிருந்தும் குருடன்!

"நீயாம்மா எழுதினது?"

"எனக்கு எழுதவெல்லாம் வராதுண்ணே. பள்ளிக்கூடத்துல படுத்துக் கெடந்தப்போ உங்க தம்பி, நான், எல்லாரும் பேசிக்குவோம். மலை பாக்கவே இல்லைன்னு. அது மனசுலயே நின்னுச்சு. போட்டின்னதும் எழுதிட்டேன்." அவள் முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "நீங்க சொன்னது சரிதான் அண்ணே. தைரியமே இல்லாத எழுத்துதான். அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன்."

"என்ன செஞ்சே?"

"சட்டையை மெஷின்லேருந்து எடுத்துட்டேன். உள்மடிப்பை வெட்டிச் சரி பண்ணி, பட்டன் வெச்சு, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குடுத்துட்டேன். அவனுக்கு அளவு சரியா இருந்துச்சு." சற்று நிறுத்தினாள். "ரெண்டு வருஷமா எங்க வீட்டுக்காரரு சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னதும் எடுத்துட்டேன்."

தாள் வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்று அவர் பொய் சொன்னார். தாள் அவருக்கு எதிரே மேசை இழுப்பறையில்தான் இருந்தது, ஓரமெல்லாம் அவருடைய பென்சிலோடு.

அவள் போனதும் மனைவி சில்லறையை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, முழங்கால்னு எழுதினியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சுண்ணே" என்றான் தம்பி. "எனக்குத் தோணினதை எழுதினா நீ கண்டுபுடிச்சிருவே. கண்டுபுடிச்சா ஒதுக்கிருவே. போன வருஷம் வாங்கின அடி அப்படி. அதான் யாரும் எழுதுற மாதிரி, சத்தமா ஒண்ணு எழுதிப் போட்டேன். ஜெயிக்கும்னு நெனைக்கல. செத்துப்போனவங்களுக்கு நானும் ஏதோ ஒண்ணு போடணும்னு இருந்துச்சு." சங்கிலியை ஒரு சுற்று சுற்றினான். "ஏழாம் நம்பரை நீ வாசிச்சதும் யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ சட்டையைப் பத்திப் பேசினப்போ நான் எந்திரிச்சு ஓடியிருக்கணும் மேடைக்கு. ஓடல."

அண்ணன் தம்பியை மனசில் வைத்துத் தேர்ந்தெடுத்தான், தம்பி அண்ணனை மனசில் வைத்து எழுதினான். இரண்டு பேருமாகச் சேர்ந்து நடுவில் நின்ற ஒருத்தியை மிதித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் இரத்த பாசம் என்று பெருமையாகச் சொல்வார்களே, அதன் இன்னொரு முகம் இது.

மறுநாள் இருவரும் நகரத் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். தம்பி தன் கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னான். மாத்திரை தன் தீர்ப்பு தவறு, ஏழாம் எண்தான் சிறந்தது, அதைத்தான் வெட்ட வேண்டும் என்றார். தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்லு வெட்டி முடிஞ்சாச்சுங்க. ஊரே கைதட்டினதுக்கு அப்புறம் இப்போ வந்து மாத்தச் சொன்னா? முழங்கால் வரி எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். அதுவுமில்லாம, நீங்கதானே சொன்னீங்க, சுவத்துக்கு மருந்துதான் வேணும்னு!"

அவர் சொன்ன சொல்லையே எடுத்து அவர் வாயை அடைத்துவிட்டார். திரும்பும் வழியில் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். ஈரக் கல்லில் புது எழுத்து பளபளத்தது. இரண்டு பேர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு மேலே மலை, பாதி மேகத்துக்குள் இருந்தது.

கடைக்கு வந்து ரப்பரை எடுத்து ஏழாம் எண்ணின் ஓரத்தை அழித்தார். 'ஊக்கம் இல்லை' போயிற்று. 'கண்ணீர் அதிகம்' முழுக்கப் போகவில்லை, அழுத்தி எழுதியிருக்கிறார். இன்னும் தேய்த்தால் தாள் கிழிந்துவிடும். கடைசி வரியின் கீழே போட்ட கோட்டை அழித்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் நின்றது. அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு அவரே தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். முன்னறை முழுக்கச் சீருடைத் துணி. மெஷினில் நீல நிறப் பாவாடை ஒன்று ஏறியிருந்தது. அவள் அவசரமாகத் துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அம்மா, அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். உன் கவிதைதான் கவிதை. மத்தது வெறும் கூச்சல். நான் சொன்னதை நீ மனசுல வெச்சுக்காதே."

அவளுக்குப் புரியவில்லை. அனுதாபத்தில் பேசுகிறார் என்று நினைத்தாள் போல. "பரவாயில்லண்ணே. நீங்க படிச்சவரு. யோசிக்காமலா சொல்லியிருப்பீங்க?"

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த பலரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் மாத்திரைக்கு, அவள் தன் சொல்லை இன்னமும் மருந்தாக வைத்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டார்.

"இதைத் தம்பி எழுதினதுன்னு நெனச்சேன்மா. தம்பிக்குக் குடுத்தா ஊரு சிரிக்கும்னு பயந்தேன். அதான் மட்டம் தட்டினேன். சட்டையைப் பத்திச் சொன்னதுகூட அவனைக் கிண்டல் பண்ணத்தான்."

தையல்காரம்மா அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் அழிந்தும் அழியாமலும் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள். உள்ளே குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. வாசலில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடினான். இளம் பச்சைச் சட்டை. தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"அப்போ நீங்க அதைப் படிக்கவே இல்லையா அண்ணே?" என்று கேட்டாள்.

படித்தேன், ஒரே ஒரு தடவை, யார் எழுதியது என்று நினைப்பதற்கு முன்னால் படித்தேன், தாளை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஒரு தடவையை மறைத்து வைத்துவிட்டு அல்லவா மேடை ஏறினோம் என்று நினைத்தபோது, வந்த சொல் திரும்பிப் போய்விட்டது. அவள் தாளை நாலாக மடித்து மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்து மூடினாள். "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாமென்று வந்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானக் கூட்டம் நின்றுபோயிற்று. அவர் நிறுத்தவில்லை, அவருக்கு இரண்டு கவிதை எடுத்து வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். குளுக்கோஸ் பெட்டிகள் இப்போது வெறும் பெட்டிகள். கல்லாவுக்குப் பின்னால் குத்தியிருந்த அட்டைகளும் மஞ்சள் பூத்துவிட்டன. யாராவது சுவரைப் பற்றிப் புகழ்ந்து பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார். மழை பிடித்துப் பெய்யும் நாட்களில் கடை வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டே உதடு அசைப்பார். ஏழாம் எண்தான். ஒரு சொல் பிசகாமல் அவருக்கு மனப்பாடம். அந்தக் கவிதை வெட்டப்பட்ட இடம் அவர் ஒருவரின் நெஞ்சுதான் என்றால், அது யாருக்கு என்ன பிரயோஜனம்? அவரே இதைத் தம்பியிடம் ஒரு நாள் சொல்லி அழுதார்.

தையல்காரம்மா வேறு கடைக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார். ஒருவகையில் அப்படி நடந்தால் தேவலை என்றுகூட நினைத்தார். அவள் போகவில்லை. அடுத்த மாதமும் அதே நாளில், அதே துணிப்பையோடு வந்தாள். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று எப்போதும் போலவே கேட்டாள். அவருக்கு உயிர் வந்தது. மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"பழையபடி பாதிதான்மா. தூங்கறதுக்கு முன்னாடி."

"சரி அண்ணே" என்றாள்.

பிறகு அட்டையைப் பையில் போடாமல், வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அதன் பின்பக்கத்தில் பொடி இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததை, எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, தானே ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.